கிளாசிக் காரின் அசல் விவரக்குறிப்புகளைச் சரிபார்க்கும் முறை: படிப்படியான முழு வழிகாட்டி

பழைய கார் ஒன்றின் அசல் விவரங்களைத் தேடத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் அந்த மாடலுக்கான பட்டியல் ஒன்றை எங்கிருந்தாவது எடுத்து வைத்துக்கொண்டு, அதைக் காரோடு ஒப்பிட ஆரம்பிக்கிறார்கள். பிழை அந்த வரிசையிலேயே இருக்கிறது. பட்டியலை முதலில் படித்தவர் காரில் அதில் உள்ளதையே தேடுவார். அது கண்ணில் பட்டதும் தேடலை நிறுத்திவிடுவார். இந்த வழிகாட்டி வேறு வரிசையில் செல்கிறது: முதலில் கார், பிறகு அதன் எண், அதன் தேதி, தொழிற்சாலைப் பதிவு, அவற்றுக்குப் பின்னரே அச்சிட்ட ஆவணங்கள், கடைசியில் மறுபடியும் கார்.

1. கேள்வியைப் பிரித்து எழுதுங்கள்

"அசல்" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு கேள்விகள் இருக்கின்றன. அந்த மாடலுக்குத் தொழிற்சாலை எதை அறிவித்தது என்பது முதல் கேள்வி. உங்கள் முன் நிற்கும் இந்தக் கார் தொழிற்சாலையை விட்டு வெளியேறிய நாளில் அதில் என்ன பொருத்தப்பட்டிருந்தது என்பது இரண்டாவது. இன்று அதில் இருப்பது அன்று பொருத்தப்பட்ட அதே பொருள்தானா என்பது மூன்றாவது.

முதல் கேள்விக்கு அச்சிட்ட ஆவணமும், இரண்டாவதற்குத் தொழிற்சாலைப் பதிவேடும், மூன்றாவதற்கு இரும்பும் சாட்சி. புதியவர்கள் முதல் கேள்விக்கான விடையைக் கண்டுபிடித்துவிட்டு மூன்றாவதற்கும் அதுவே விடை என்று எழுதிவிடுகிறார்கள். இந்தத் துறையில் நான் கண்ட தவறான விவரத் தாள்களில் பெரும்பாலானவை இப்படிப் பிறந்தவையே. எனவே ஒரு நோட்டின் முதல் பக்கத்தில் மூன்று கேள்விகளையும் தனித்தனியாக எழுதி வைத்து, கிடைக்கும் ஒவ்வொரு தகவலையும் அது எந்தக் கேள்விக்கு உரியதோ அதன் கீழ் மட்டுமே பதியுங்கள்.

2. முன்கூட்டியே தயாராக வைக்க வேண்டியவை

நல்ல டார்ச், வளையும் கைப்பிடி கொண்ட சிறு கண்ணாடி, கேமரா, மென்மையான பிரஷ், எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் திரவம், சாக்பீஸ், வெர்னியர் அளவி ஆகியவை போதும். காரைத் தூக்கிப் பார்க்க நேரும் என்பதால் அதன் எடையைத் தாங்கும் ஸ்டாண்டுகளும் தேவை. ஜாக்கை மட்டும் நம்பி ஒருபோதும் காருக்கு அடியில் போகக் கூடாது.

கம்பி பிரஷ், உப்புத்தாள் இரண்டையும் பட்டியலிலிருந்து வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். எஞ்சின் பிளாக்கில் எண் பொறிக்கப்பட்ட தளத்தில், தொழிற்சாலை இயந்திரம் இழைத்தபோது விழுந்த நுண்ணிய இணைகோடுகள் இருக்கும். எண் பின்னாளில் மாற்றிப் பொறிக்கப்பட்டதா என்று சொல்லும் சாட்சி அந்தக் கோடுகள்தான். உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்தவர் எண்ணைத் தெளிவாக்கியதாக நினைப்பார். உண்மையில் அதை நிரூபிக்கும் வாய்ப்பை அழித்திருப்பார்.

காரோடு வந்த எல்லாத் தாள்களையும், பழைய பதிவுச் சான்று, சர்வீஸ் புத்தகம், ரசீதுகள் உட்பட, ஓர் உறையில் சேர்த்து வையுங்கள். அவற்றை இப்போது படிக்க வேண்டாம்.

3. நூலைத் திறக்கும் முன் காரைப் பதியுங்கள்

காரில் கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு எண்ணையும் தகட்டையும், விளக்கம் எதுவும் சேர்க்காமல், இருப்பது இருக்கிறபடியே எழுதுங்கள். சேசிஸ் எண், பாடி எண், எஞ்சின் எண், கியர்பாக்ஸ் எண், பின் ஆக்சிலில் உள்ள குறி, கார்புரேட்டரின் சிறு தகடு, டிஸ்ட்ரிபியூட்டர், ஜெனரேட்டர் அல்லது ஆல்டர்னேட்டர், கண்ணாடிகளின் மூலையில் உள்ள குறிகள் என ஒரே சீராக முன்னிருந்து பின்னோக்கிப் போவது நல்லது. ஓர் எழுத்து மங்கலாக இருந்தால் ஊகித்து நிரப்பாமல் அந்த இடத்தில் கேள்விக்குறி இடுங்கள். 3-ஐ 8 என்று ஒருமுறை எழுதிவிட்டால், அடுத்த ஆறு மாதமும் அந்த 8-க்கு ஆதாரம் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

பொறித்த எண்ணும் வார்ப்பு எண்ணும் ஒன்றல்ல. வார்ப்பு எண் உலோகம் உருக்கி ஊற்றப்பட்டபோதே அச்சிலிருந்து புடைத்து வருவது. அது அந்த வடிவத்துக்கு உரியது, ஆயிரக்கணக்கான பிளாக்குகளில் ஒரே எண்ணாக இருக்கும். பொறித்த எண் பின்னர் எண் முத்திரையால் அடித்து உள்ளிறக்கப்பட்டது. அதுதான் அந்தத் தனி எஞ்சினைக் குறிப்பது. இரண்டையும் தனித்தனி வரியில் எழுதுங்கள்.

தகடுகளைத் தாங்கும் ரிவெட்டுகளையும் படம் எடுங்கள். வட்டத் தலை இருக்க வேண்டிய இடத்தில் கடையில் வாங்கிய பாப் ரிவெட் இருந்தால் தகடு ஒருமுறையாவது கழற்றப்பட்டிருக்கிறது. பெயிண்ட் அடிப்பதற்காக நேர்மையாகவே கழற்றியிருக்கலாம். ஆயினும் குறிப்பில் அது இருக்க வேண்டும். அடையாளத் தகட்டை நீங்கள் ஒருபோதும் கழற்றாதீர்கள். பல நாடுகளில் அது தனிக் குற்றம்.

வண்ணத்தையும் இப்போதே பாருங்கள். வெளிப்புறம் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறியிருக்கும்; டாஷ்போர்டின் அடிப்புறம், கதவு உட்பலகையின் பின்பக்கம், இருக்கைச் சட்டத்துக்குக் கீழுள்ள தரை ஆகிய இடங்களில் முதல் பூச்சு பெரும்பாலும் மிஞ்சியிருக்கும்.

4. அடையாள எண்ணை அதன் காலத்து முறைப்படி படியுங்கள்

17 இலக்க வாகன அடையாள எண் அமெரிக்காவில் 1981 மாடல் ஆண்டிலிருந்துதான் கட்டாயமானது. குழப்பம் வராமல் இருக்க ஐ, ஓ, கியூ ஆகிய எழுத்துகள் அதில் தவிர்க்கப்படுகின்றன. அதற்கு முந்தைய கார்களில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு முறையை வைத்திருந்தது. அந்த முறையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறியது. 1966-ஆம் ஆண்டுக் காரின் எண்ணை இன்றைய 17 இலக்க முறைக்கான கருவியில் உள்ளிட்டு, "தவறான எண்" என்று வந்ததும் கார் போலி என்று முடிவு கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எண் எதைச் சொல்கிறது என்பதைவிட எதைச் சொல்லவில்லை என்று அறிவது முக்கியம். 1967 செவர்லே கமாரோவின் எண் 124377என்100001 என்ற வடிவில் இருக்கும். முதல் 1 செவர்லேயையும், 24 எட்டு சிலிண்டர் கமாரோவையும், 37 கூப்பே உடலையும், 7 ஆண்டையும், என் என்ற எழுத்து நார்வுட் தொழிற்சாலையையும் குறிக்கின்றன. ஆறு சிலிண்டர் என்றால் 24-க்குப் பதில் 23 வரும். ஆகவே 123 என்று தொடங்கும் காரில், எட்டு சிலிண்டரோடு மட்டுமே விற்கப்பட்ட எஸ்.எஸ். (சூப்பர் ஸ்போர்ட்) என்ற உயர்திறன் தொகுப்பின் பேட்ஜ் இருந்தால் அது தொழிற்சாலையில் வந்ததல்ல என்று உடனே சொல்லிவிடலாம். ஆனால் 124 என்று தொடங்குவதால் அது எஸ்.எஸ். ஆகிவிடாது, அந்த எண்ணில் எஸ்.எஸ். என்பதற்கோ இசட்/28 என்ற மற்றோர் உயர்திறன் தொகுப்புக்கோ இடமே இல்லை. எண் ஒரு கூற்றை மறுக்க வல்லதாக இருக்கும்போதும், அதே கூற்றை நிரூபிக்க வல்லதாக இருக்க வேண்டியதில்லை.

அதே நிறுவனத்தின் ஷெவெல் மாடலில் 1966 முதல் 1968 வரை எஸ்.எஸ். 396-க்கு 138 என்ற தனித் தொடர் இருந்தது. 1969-இல் அது வாங்குபவர் கூடுதலாகத் தேர்ந்தெடுக்கும் விருப்பத் தொகுப்பாக மாறியதும் எண்ணிலிருந்து மறைந்துவிட்டது. ஓராண்டு வித்தியாசத்தில் சரிபார்க்கும் வழியே மாறுகிறது.

ஃபோர்டு மஸ்டாங்கின் எண்ணில் எஞ்சினுக்கான எழுத்தும் உண்டு. 5ஆர்09கே என்று தொடங்கினால் 1965 மாடல், சான் ஹோசே தொழிற்சாலை, ஃபாஸ்ட்பேக் உடல், 271 குதிரைத்திறன் கொண்ட 289 கன அங்குல எஞ்சின் என்று படிக்கலாம். ஜி.டி. என்ற விருப்பத் தொகுப்பு இந்த எண்ணிலும் இல்லை, கதவுத் தகட்டிலும் இல்லை. ஆயினும் 1965, 1966 ஆண்டுகளில் அத்தொகுப்பு நான்கு பேரல் கார்புரேட்டர் கொண்ட ஏ, கே எஞ்சின்களோடு மட்டுமே விற்கப்பட்டது என்பதால், சி என்ற எழுத்துள்ள காரில் ஜி.டி. பேட்ஜ் இருந்தால் அதைப் பின்னர் யாரோ சேர்த்திருக்கிறார்கள்.

ஐரோப்பியக் கார்களிலும் இதே போல எண்ணுக்குள் செய்தி உண்டு. மெர்சிடிஸ் 113.044 என்பது 280 எஸ்.எல்.; அதற்கு முந்தைய 113.042 என்பது 230 எஸ்.எல். அடுத்து வரும் இரண்டு இலக்கங்களில் முதலாவது 1 என்றால் இடப்பக்க ஸ்டீயரிங், 2 என்றால் வலப்பக்கம். இரண்டாவது 0 என்றால் கையால் மாற்றும் கியர், 2 என்றால் தானியங்கி. எனவே 12 என்ற இலக்கங்களைக் கொண்ட காரில் இன்று கையால் மாற்றும் கியர்பாக்ஸ் இருந்தால் அது மாற்றப்பட்டது. ஜாகுவார் இ-டைப் 3.8-இல் வலப்பக்க ஸ்டீயரிங் கொண்ட திறந்த கார்கள் 850001-இலும், கூப்பேக்கள் 860001-இலும், இடப்பக்க ஸ்டீயரிங் கொண்ட திறந்த கார்கள் 875001-இலும், கூப்பேக்கள் 885001-இலும் தொடங்கின. 885 என்று தொடங்கும் காரில் ஸ்டீயரிங் வலப்பக்கம் இருந்தால், தேட வேண்டிய அடுத்த விஷயம் என்னவென்று தெரிந்துவிடும்.

5. தேதியை நிலைநாட்டுங்கள்

உற்பத்தித் தேதி, மாடல் ஆண்டு, முதல் பதிவுத் தேதி ஆகிய மூன்றும் ஒன்றாக இருப்பது அரிது. பதிவுச் சான்றில் உள்ள ஆண்டு, கார் விற்கப்பட்ட ஆண்டாகவோ இறக்குமதியான ஆண்டாகவோ இருக்கலாம். ஷோரூமில் எட்டு மாதம் நின்ற கார் ஒரு வயது குறைந்துவிடும்.

ஃபோக்ஸ்வேகன் பீட்டில் நல்ல பாடம். 1956 மாடலிலிருந்து அதன் மாடல் ஆண்டு முந்தைய ஆகஸ்டில் தொடங்குகிறது. 1965 மாடலிலிருந்து சேசிஸ் எண்ணின் முதல் இரண்டு இலக்கம் வகையையும், மூன்றாவது இலக்கம் மாடல் ஆண்டையும் சொல்கின்றன. ஆகவே 1965 நவம்பரில் தயாரான பீட்டிலின் எண் 116 என்றே தொடங்கும். அதன் உரிமையாளர் 1965-க்கான விவரத் தாளை எடுத்து ஒப்பிட்டால், தன் கார் முழுவதும் தவறான பாகங்களால் ஆனது என்ற முடிவுக்கு வருவார்.

விற்கப்பட்ட நாடும் தேதியின் ஒரு பகுதிதான். அமெரிக்காவுக்கான பீட்டில் 1967 மாடலில் 12 வோல்ட்டுக்கு மாறியது. ஐரோப்பாவில் அந்த மாற்றம் பொதுவாக 1968 மாடலில் வந்தது. 1967 பீட்டிலில் 6 வோல்ட் அசலா, 12 வோல்ட் அசலா என்று இருவர் சண்டையிட்டால், இருவருமே சரியாக இருக்க வாய்ப்பு உண்டு.

6. தொழிற்சாலைப் பதிவைக் கேட்டுப் பெறுங்கள்

எண்ணும் தேதியும் கைக்கு வந்த பின்னரே இந்தப் படிக்கு வர வேண்டும். விண்ணப்பத்தில் ஓர் இலக்கம் பிழையானால் வேறொரு காரின் சான்றிதழ் வந்து சேரும். அதைப் பெற்றவர் பெரும்பாலும் அதைச் சந்தேகிப்பதில்லை.

எம்.ஜி., ஆஸ்டின், மாரிஸ், டிரையம்ஃப் முதலிய பிரிட்டிஷ் கார்களுக்கு காய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் பாரம்பரியச் சான்றிதழ் வழங்குகிறது. ஜாகுவாருக்கு ஜாகுவார் டெய்ம்லர் பாரம்பரிய அறக்கட்டளை, மெர்சிடிஸ் கார்களுக்கு நிறுவனத்தின் தரவு அட்டை, ஃபோக்ஸ்வேகனுக்கு வூல்ஃப்ஸ்பர்க்கில் உள்ள அருங்காட்சியக அறக்கட்டளை என ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வாசல் உண்டு. 1967 முதலான ஃபோர்டு கார்களின் உற்பத்தித் தரவு மார்ட்டி நிறுவனத்திடம் உள்ளது. 1961 முதலான பான்டியாக் கார்களுக்குப் பான்டியாக் வரலாற்றுச் சேவை விலைப்பட்டியல் நகலைத் தருகிறது. கனடாவில் விற்கப்பட்ட ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கும் ஆவணம் கிடைக்கும்; அமெரிக்காவில் விற்கப்பட்ட 1960களின் செவர்லேக்களுக்கு அப்படிப்பட்ட முழுப் பதிவு கிடைப்பதில்லை. அந்த இடைவெளியில்தான் போலிகள் செழிக்கின்றன.

சான்றிதழ் சொல்வது பேரேட்டில் எழுதியிருப்பதை மட்டுமே. அந்த எண்ணுள்ள கார் அன்று எப்படி வெளியேறியது என்று அது சொல்லும். உங்கள் முன் நிற்பது அந்தக் கார்தானா என்று சொல்லாது. எஞ்சின் எண், கியர்பாக்ஸ் எண், பாடி எண் ஆகியவற்றை நீங்கள் மூன்றாம் படியில் எழுதிய குறிப்போடு ஒப்பிடும்போதுதான் அந்த விடை கிடைக்கிறது. முன்பே எழுதி வைத்தது இப்போது பயன்படுவதைக் கவனியுங்கள்: சான்றிதழைப் பார்த்துவிட்டு மங்கலான இலக்கத்தைப் படிக்கும் கண், அதில் இருப்பதையே படிக்கும்.

பதிவு கிடைக்காத கார்களுக்குக் காரின் உள்ளேயே சில தாள்கள் மிஞ்சியிருக்கலாம். அமெரிக்கக் கார்களில், எதை எதைப் பொருத்த வேண்டும் என்று தொழிலாளர்களுக்குச் சொன்ன அசெம்பிளித் தாள் இருக்கைச் சுருள்களுக்கு இடையிலும், சில மாடல்களில் எரிபொருள் தொட்டியின் மேலும் கிடைக்கிறது. 1967 முதலான கார்வெட்டில் அது தொட்டியின் மேல் ஒட்டப்பட்டிருந்தது. இருக்கைக்குள் கிடைக்கும் தாளை நம்புமுன் அதில் உள்ள எண்ணைப் படியுங்கள். அசெம்பிளி வரிசையில் பக்கத்தில் வந்த காரின் தாள் இந்தக் காருக்குள் சிக்கிக்கொள்வது சாதாரணம். நான் ஒருமுறை அப்படி ஒரு தாளைப் பார்த்த மகிழ்ச்சியில் எண்ணைப் பார்க்க மறந்து, இரண்டு வாரம் வேறு காரின் விருப்பத் தொகுப்புகளை இந்தக் காரில் தேடிக்கொண்டிருந்தேன்.

7. அச்சிட்ட ஆவணங்களைத் தரவரிசைப்படி பயன்படுத்துங்கள்

இப்போது நூல்களைத் திறக்கலாம். எல்லா அச்சும் ஒரே எடை உடையதல்ல. யார், எதற்காக, எப்போது அச்சிட்டார்கள் என்பதே எடையைத் தீர்மானிக்கிறது.

தொழிற்சாலையின் பாகப் பட்டியலை நான் முதலில் வைப்பேன். தவறான பாகம் டீலருக்குப் போனால் மறுநாளே புகார் வரும் என்பதால் அதைத் தொகுத்தவர்களுக்குத் துல்லியம் கட்டாயமாக இருந்தது. அதைவிட முக்கியமாக, மாற்றங்கள் எந்தச் சேசிஸ் எண்ணில் அல்லது எஞ்சின் எண்ணில் நிகழ்ந்தன என்று அதில் எழுதியிருக்கும். கார்கள் ஜனவரி முதல் நாளில் மாறுவதில்லை. எம்.ஜி.பி. 1962-இல் மூன்று முதன்மைப் பேரிங் கொண்ட கிராங்க்‌ஷாஃப்டோடு வந்து, 1964 அக்டோபரில் ஐந்து பேரிங்குக்கு மாறியது. எஞ்சின் எண்ணின் முன்னொட்டு 18ஜி.பி. என்றால் ஐந்து பேரிங், 18ஜி., 18ஜி.ஏ. என்றால் மூன்று. "1964 எம்.ஜி.பி." என்று மட்டும் சொல்லும் எந்த நூலும் இந்தக் கேள்விக்கு விடை தர முடியாது; எண் மட்டுமே தரும். எண்ணையும் தேதியையும் முதலில் தேடச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

மாற்ற எண்ணுக்கு இருபுறமும் சில கார்கள் வரை சற்றே தளர்வு கொடுங்கள். கிடங்கில் மிஞ்சிய பழைய பாகங்கள் தீரும்வரை பொருத்தப்படுவது வழக்கமாக இருந்தது. ஆனால் இந்தத் தளர்வை ஆயிரம் கார்களுக்கு நீட்டி, "தொழிற்சாலையில் எதுவும் நடந்திருக்கலாம்" என்று விற்பவர் சொல்வதை ஏற்க வேண்டியதில்லை.

சர்வீஸ் அறிவிப்புகள் அடுத்து வரும். அதன் பிறகு வொர்க்‌ஷாப் மேனுவல். அது எந்தப் பதிப்பு, எந்த எண் வரையிலான கார்களுக்கு என்பதை முதல் பக்கத்தில் பாருங்கள். பந்தய அங்கீகாரத்துக்காகச் சர்வதேச மோட்டார் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ.விடம் நிறுவனங்கள் தாக்கல் செய்த படிவங்களில் போர் (சிலிண்டரின் விட்டம்), ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), கியர் விகிதங்கள், படங்கள் எல்லாம் கிடைக்கும். ஆனால் பந்தயத்தில் சாதகம் தேடும் நிறுவனம் எடையைக் குறைத்துச் சொல்ல ஆசைப்படும் என்பதை மறக்கக் கூடாது.

விற்பனைப் பிரசுரம் இந்த வரிசையில் கீழேதான் வரும். உற்பத்தி தொடங்கும் முன்பே படங்கள் எடுக்கப்பட்டு, முன்மாதிரிக் கார்களில் இருந்த, விற்பனைக்கு வராத வீல் மூடியும் கைப்பிடியும் அதில் அழகாகத் தெரியும். "முன்னறிவிப்பின்றி மாற்றத்துக்கு உட்பட்டது" என்ற கடைசி வரி அலங்காரத்துக்கு எழுதப்பட்டதல்ல. பிரசுரத்தின் பின்பக்க ஓரத்தில் சிறிய எழுத்தில் உள்ள அச்சுத் தேதியையும் எந்தச் சந்தைக்கு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்துச் சாலைச் சோதனைகள் வேகத்துக்கும் எடைக்கும் பயன்படும். சோதனைக்குக் கொடுக்கப்பட்ட கார் கடையில் வாங்கிய கார் அல்ல என்ற எச்சரிக்கையோடு. 1961-இல் மணிக்கு 150 மைலைத் தொட்ட இ-டைப் கூப்பே, நிறுவனம் கவனமாகத் தயார்செய்து தந்த கார்.

பின்னாளில் தொகுக்கப்பட்ட கலைக்களஞ்சியங்களும் பட்டியல்களும் கடைசி. மூன்று நூல்கள் ஒரே எண்ணைச் சொன்னால் மூன்று சாட்சிகள் என்று எண்ணிவிடாதீர்கள். இரண்டு நூல்கள் முதல் நூலைப் பார்த்து எழுதியிருந்தால் சாட்சி ஒன்றுதான். ஒரே அச்சுப் பிழை மூன்றிலும் இருப்பதே இதைக் காட்டிக்கொடுக்கும்.

8. எண்ணை ஒப்பிடும் முன் அலகை ஒப்பிடுங்கள்

குதிரைத்திறனில்தான் மிக அதிகமான குழப்பம் வருகிறது. அமெரிக்க நிறுவனங்கள் 1971 வரை பொதுவாக எஸ்.ஏ.இ. என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் முறைப்படி அளந்த மொத்தத் திறனை விளம்பரப்படுத்தின. அது எஞ்சினைத் தனியே மேடையில் ஏற்றி, காரில் அது இழுக்க வேண்டிய துணைக் கருவிகளும் காருக்குரிய புகைக்குழாயும் இல்லாமல் அளந்தது. 1972 முதல் அவை பொருத்தப்பட்ட நிலையில் அளக்கும் நிகரத் திறனுக்கு மாறின. ஜெர்மனியின் தர நிர்ணய அமைப்பான டின் (DIN) வகுத்த அளவும் நிகர அளவே. அதன் அலகான பி.எஸ். 735.5 வாட், ஆங்கிலக் குதிரைத்திறன் 745.7 வாட்.

கார்வெட்டின் அடிப்படை 350 கன அங்குல எஞ்சின் 1970-இல் 300, 1971-இல் 270, 1972-இல் 200 என்று பட்டியல்களில் நிற்கும். இரண்டே ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு திறன் போனதாகப் பலர் எழுதிவிடுகிறார்கள். 300-இலிருந்து 270-க்கு வந்த சரிவு உண்மையானது. அழுத்த விகிதம் 10.25-இலிருந்து 8.5-க்குக் குறைக்கப்பட்டது. ஆனால் அதே 1971 எஞ்சினின் நிகர அளவு 210. எனவே அடுத்த ஆண்டின் உண்மையான குறைவு 10 மட்டுமே. மீதி 60 அளக்கும் முறை மாறியதால் வந்தது.

பீட்டிலின் குழப்பம் இன்னும் நுட்பமானது. அதன் 1200 எஞ்சின் டின் கணக்கில் 34, எஸ்.ஏ.இ. மொத்தக் கணக்கில் 40. அதன் 1300 எஞ்சின் டின் கணக்கில் 40, எஸ்.ஏ.இ. கணக்கில் 50. "40 குதிரைத்திறன் எஞ்சின்" என்று மட்டும் எழுதிய ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு அது எந்த எஞ்சின் என்று சொல்ல முடியாது. எண்ணுக்குப் பக்கத்தில் அளவு முறை எழுதப்படாத எந்தத் திறனையும் உங்கள் பதிவில் ஏற்றாதீர்கள்.

கேலனிலும் இதே கண்ணி உண்டு: பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர், அமெரிக்கக் கேலன் 3.785 லிட்டர். எடை என்றால் எரிபொருளும் நீரும் எண்ணெயும் சேர்ந்ததா, வெறும் காரா என்று கேளுங்கள்.

கொள்ளளவை நீங்களே கணக்கிட்டு ஓர் ஆவணத்தின் உள்ளொழுங்கைச் சோதிக்கலாம். இ-டைப் 3.8-க்கு போர் 87 மி.மீ., ஸ்ட்ரோக் 106 மி.மீ., ஆறு சிலிண்டர். போரில் பாதியான ஆரத்தின் வர்க்கத்தை π-யாலும் (3.1416) ஸ்ட்ரோக்காலும் ஆறாலும் பெருக்கினால் 3781 கன செ.மீ. வருகிறது, அறிவிக்கப்பட்ட எண்ணும் அதுவே. போர், ஸ்ட்ரோக், கொள்ளளவு மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தாத தாளில் மற்ற எண்களையும் சந்தேகத்தோடு படியுங்கள்.

9. மறுபடியும் காருக்கு வந்து தேதிகளை வரிசைப்படுத்துங்கள்

இப்போது என்ன இருக்க வேண்டும் என்று தெரியும். இருப்பது அதுவா என்று பார்க்கும் நேரம். ஒரு விதியை மட்டும் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்: பிளாக் வார்க்கப்பட்ட பிறகே எஞ்சின் பூட்டப்படும், எஞ்சின் பூட்டப்பட்ட பிறகே கார் முடியும். இந்த வரிசை தலைகீழாக இருந்தால் வேறு ஆதாரமே தேவையில்லை.

செவர்லே பிளாக்குகளில் வார்ப்புத் தேதி, மாதத்துக்கு ஓர் எழுத்தும் பின் நாளும் ஆண்டின் கடைசி இலக்கமும் கொண்டது. சி 14 7 என்றால் மார்ச் 14, 1967. அல்லது 1977! ஆண்டுக்கு ஒரே இலக்கம் இருப்பதால் வார்ப்பு எண்ணோடு சேர்த்தே அதைப் படிக்க வேண்டும். வார்ப்புக்கும் பூட்டுதலுக்கும் இடையே சில நாள்களும், பூட்டுதலுக்கும் கார் முடிவதற்கும் இடையே சில நாள்கள் முதல் சில வாரங்கள் வரையும் இருப்பது இயல்பு. பல மாத இடைவெளி தவறு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் விளக்கம் கேட்கும்.

வார்ப்பு எண் பொருந்துவதால் மட்டும் எஞ்சின் அசலாகிவிடாது. 3970010 என்ற வார்ப்பு எண் 1969 முதல் பல ஆண்டுகள் பல வண்டிகளின் எஞ்சின்களில் வந்தது. "எண்கள் பொருந்துகின்றன" என்று ஒருவர் சொன்னால் எந்த எண், எதோடு என்று கேளுங்கள். சேசிஸ் எண்ணின் ஒரு பகுதி எஞ்சினில் பொறிக்கப்பட்டிருந்தால் மட்டுமே அந்தச் சொல்லுக்கு முழு எடை உண்டு. பொறிப்பில் எழுத்துகளின் வடிவம், ஆழம், இடைவெளி ஆகியவற்றை உறுதியான அசல் காரின் படத்தோடு ஒப்பிடுங்கள். இழைத்த கோடுகள் மறைந்து தளம் கண்ணாடி போல் இருந்தால் பிளாக்கின் மேற்பரப்பு மறுபடி இழைக்கப்பட்டிருக்கிறது. அது சாதாரண எஞ்சின் பழுதுபார்ப்பிலும் நடக்கும், எண்ணை மாற்றுவதற்காகவும் நடக்கும்.

சில இடங்களில் எண்ணே கூடுதல் செய்தி தரும். ஜாகுவார் எஞ்சின் எண்ணின் முடிவில் உள்ள 8 அல்லது 9 அழுத்த விகிதத்தைக் குறிக்கிறது.

பின் ஆக்சில் விகிதத்தைத் திறக்காமலே சோதிக்கலாம். காரை ஸ்டாண்டுகளில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு அடைகட்டை வைத்து, கியரை நியூட்ரலிலும் ஹேண்ட்பிரேக்கைத் தளர்த்தியும் வையுங்கள். சாதாரண டிஃபரன்ஷியல் என்றால் ஒரு பின் சக்கரத்தை அசையாமல் பிடித்து, மற்றதைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றி, சாக்பீஸ் குறியிட்ட புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்றுகிறது என்று எண்ணுங்கள். நான்குக்குச் சற்றே குறைவாக வந்தால், 43-க்கு 11 பற்கள் கொண்ட எம்.ஜி.பி.யின் 3.909 விகிதத்தோடு அது பொருந்தும். ஒரு சுற்றை மட்டும் சுற்றிவிட்டு, கிடைத்த பாதி எண்ணைப் பார்த்து ஆக்சில் மாற்றப்பட்டதாக முடிவுசெய்வது புதியவர்களின் நிரந்தரப் பிழை.

10. முரண்பாட்டைத் தீர்க்காமல் எழுதத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒவ்வொரு விவரத்துக்கும் நோட்டில் ஒரு வரி: கூறப்படும் விவரம், அதன் ஆதாரம் பதிப்போடும் பக்கத்தோடும், காரில் கண்டது, உங்கள் முடிவு. முடிவுக்கு நான்கு சொற்கள் போதும்: பதிவால் உறுதி, பொருந்துகிறது, முரண், தெரியவில்லை.

"பதிவால் உறுதி" என்பதற்கும் "பொருந்துகிறது" என்பதற்கும் இடையிலான வேறுபாட்டைக் கண்டிப்பாகக் காக்க வேண்டும். தேதி சரியான, சரியான வார்ப்பு எண் கொண்ட பிளாக் ஒன்றைத் தேடி வாங்கிப் பொருத்தியவரின் காரும் "பொருந்தும்". அதில் ஏமாற்று எதுவும் இல்லை. அதை "உறுதி" என்று எழுதுவதில்தான் ஏமாற்று தொடங்குகிறது.

பழைய ரசீதுகளை உறையிலிருந்து இப்போது எடுங்கள். முரண் என்று குறித்த வரிகளில் பாதிக்கு அங்கேயே விடை கிடைக்கும்: இருபது ஆண்டுக்கு முன் எஞ்சின் மாற்றியதற்கான பில், விபத்துக்குப் பின் புதிய முன் சட்டம் பொருத்திய குறிப்பு. அவற்றை முதலிலேயே படித்திருந்தால், பில் இல்லாத மாற்றங்களைக் கண் தேடியிருக்காது.

விடை கிடைக்காத வரிகளைக் காலியாகவே விடுங்கள். மாடல் பட்டியலில் உள்ள எண்ணை அங்கே நிரப்பினால், அடுத்த உரிமையாளர் அதைக் காரிலிருந்து எடுக்கப்பட்ட தகவல் என்றே படிப்பார். ஒவ்வொரு பக்கத்திலும் ஆய்வு செய்த தேதியை எழுதி, பொறித்த எண்களின் படங்களை இணைத்து, ஒரு நகலைக் காரின் தாள்களோடு வையுங்கள். பெயிண்ட் அடிக்கவோ எஞ்சினைப் பிரிக்கவோ கார் அனுப்பப்படும் முன் இந்தப் படங்கள் எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.